மொரிஷியஸில் இருந்து ரீயூனியன்: எத்தனை கிலோமீட்டர், எத்தனை நிமிடம்?

தம்பி, உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் புரியட்டும். காரைக்குடியில் இருந்து அப்பாவும் அம்மாவும் ஜனவரியில் மொரிஷியஸ் வருகிறார்கள். எபேனில் வேலை பார்க்கும் நீங்கள், தைப்பூசத்தன்று அவர்களை ரீயூனியன் தீவின் சேந்த் ஆந்த்ரே ஊருக்கு அழைத்துப்போய்க் காவடி பார்த்துவிட்டு அன்று இரவே திரும்ப நினைக்கிறீர்கள். தூரத்தைத் தேடினால் ஓரிடத்தில் 175, இன்னோரிடத்தில் 232, வேறிடத்தில் 144, மற்றொன்றில் 125, ஒன்றிலோ ஒன்பதாயிரத்துக்கு மேல். நேரமும் அப்படித்தான்: 28 நிமிடம், 47 நிமிடம், டிக்கெட்டில் 50 நிமிடம். எதை நம்புவது, ஒரே நாளில் போய்வர முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நேரடியான பதில் இது. இரண்டு விமான நிலையங்களுக்கும் நடுவே ஏறக்குறைய 232 கிலோமீட்டர். டிக்கெட்டில் போட்டிருக்கும் 45, 50 நிமிடத்தை நம்பலாம். ஆனால் உங்கள் வீட்டு வாசலில் இருந்து கோயில் வாசலுக்கு ஐந்து மணி நேரம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒரே நாளில் போய்வர முடியும். ஆனாலும் பெற்றோரை வைத்துக்கொண்டு அப்படிச் செய்யாதீர்கள், முதல் நாளே போய்விடுங்கள் என்பதுதான் என் ஆலோசனை. இங்கே மொரிஷியஸின் ரோஸ் ஹில்லில் ஒரு பயண அலுவலகத்தில் முப்பது வருடம் இந்தத் தடத்துக்கு டிக்கெட் போட்டவன் என்ற முறையில் காரணங்களை விரிவாகச் சொல்கிறேன்.

நீங்கள் பார்த்த தூரங்களில் தப்பானது ஒன்றே ஒன்றுதான். மற்றதெல்லாம் சரி, ஒவ்வொன்றும் வேறு வேறு கேள்விக்குப் பதில். 175 என்பது தீவுக்கும் தீவுக்கும் உள்ள இடைவெளி. நம் தீவின் தென்மேற்குக் கரையில் இருந்து ரீயூனியனின் கிழக்குக் கரைக்குப் போனால் அவ்வளவுதான் கடல். ஆனால் விமானம் கரையில் இருந்து கிளம்புவதில்லை. நம் விமான நிலையம், அதாவது எல்லோரும் பிளேசான்ஸ் என்று சொல்லும் சர் சிவசாகர் ராம்கூலம் விமான நிலையம், மாஹேபூர்க் பக்கத்தில் தீவின் தென்கிழக்கு மூலையில் இருக்கிறது. ரீயூனியன் இருப்பதோ மேற்கே. அதாவது ரீயூனியனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருக்கும் மூலையில் நம் ஓடுபாதை. அங்கே அவர்களுடைய ரோலான் கரோஸ் விமான நிலையம், தலைநகர் சேன் தெனிக்குப் பக்கத்தில் சேந்த் மரி ஊரில், தீவின் வடக்குக் கரையில் இருக்கிறது. இந்த இரண்டு ஓடுபாதைகளுக்கும் நடுவே பூமிப்பந்தின் மேல் நூல் பிடித்து இழுத்தால் 232 கிலோமீட்டர் வரும். மூலைக்கு மூலை அளப்பதால் ஐம்பத்து ஏழு கிலோமீட்டர் கூடிவிடுகிறது.

144, 125 இரண்டும் இதே 232தான். 144 தரை மைல். 125 கடல் மைல். ஒரு கடல் மைல் என்பது 1,852 மீட்டர். விமானிகளும் மாலுமிகளும் கடல் மைலில்தான் கணக்குப் போடுவார்கள், ஏனென்றால் நிலப்படத்தில் ஒரு பாகை அட்சரேகையை அறுபதாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு கடல் மைல். பக்கத்தில் அலகைப் போடாமல் வெறும் எண்ணை மட்டும் போடும் பக்கங்களால்தான் இவ்வளவு குழப்பம்.

அந்த ஒன்பதாயிரம்தான் தப்பு. நீங்கள் சேன் தெனி என்று தேடியிருப்பீர்கள். பாரிசை ஒட்டி வடக்கே அதே பெயரில் ஒரு நகரம் இருக்கிறது. கணினி அதற்கு அளந்து கொடுத்துவிட்டது. இந்தப் பெயர்க் குழப்பம் லேசானதல்ல. ரீயூனியனின் தெற்கே உள்ள சேன் பியேரைத் தேடினால், கனடாவுக்குப் பக்கத்தில் உள்ள இன்னொரு பிரெஞ்சுத் தீவும் வந்து நிற்கும். அதற்கும் விமான நிலையம் உண்டு. அதனால் ஊர்ப் பெயரை விட்டுவிட்டு விமான நிலையத்தின் மூன்றெழுத்துக் குறியீட்டைப் போட்டுத் தேடுங்கள். நம்முடையது எம்ஆர்யு. ரோலான் கரோஸ் ஆர்யுஎன். டிக்கெட் எடுக்கும்போதும் இந்த எழுத்துகளை ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள்.

175 கிலோமீட்டர் கடல் என்றேன். அது எவ்வளவு கிட்டம் என்பதற்கு ஒரு கணக்குச் சொல்கிறேன், எனக்குப் பிடித்த கணக்கு. ரீயூனியனின் நடுவில் நிற்கும் பித்தோன் தெ நேஜ் சிகரம் 3,070 மீட்டர் உயரம். நம் தென்மேற்கு முனையில் உள்ள லெ மோர்ன் மலை 556 மீட்டர். இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய 200 கிலோமீட்டர். பூமி வளைந்திருப்பதால், ஓர் உயரத்தில் நின்றால் தொடுவானம் எவ்வளவு தூரத்தில் இருக்கும் என்பதற்கு எளிய வழி இருக்கிறது: மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கமூலத்தை 3.57 ஆல் பெருக்கினால் கிலோமீட்டர் வரும். லெ மோர்னுக்கு 84, பித்தோன் தெ நேஜுக்கு 198. கூட்டினால் 282. நடுவில் உள்ள தூரம் 200தான் என்பதால் அந்தச் சிகரத்தை இங்கிருந்து பார்க்க முடியும். வானம் துப்புரவாக இருக்கும் நாளில், சூரியன் இறங்கும் நேரத்தில், கடலுக்கு மேலே மேகம் போல ஒரு முக்கோணம் தெரியும். நகராத மேகம் அது. சின்ன வயதில் என் தாத்தா காட்டி, "அங்கேயும் நம்ம ஜனங்கதான் இருக்காங்க" என்று சொன்னது இன்றும் நினைவில் இருக்கிறது.

சரி, நேரத்துக்கு வருவோம். 28 நிமிடம் என்று போட்ட பக்கம் 232 கிலோமீட்டரை மணிக்கு 500 கிலோமீட்டர் வேகத்தால் வகுத்திருக்கிறது. அந்த வேகம் தப்பில்லை. இந்தத் தடத்தில் பெரும்பாலும் ஓடுவது ஏடிஆர் 72 என்ற இரட்டை விசிறி விமானம், எழுபது பேர் அளவில் உட்காரலாம். மேலே போய் நேராகப் பறக்கும்போது அதன் வேகம் மணிக்கு சுமார் 500. தப்பு எங்கே என்றால், இந்தப் பயணத்தில் அது நேராகப் பறக்கும் நேரமே மிகக் குறைவு.

தோராயமாகப் போட்டுப் பாருங்கள். விமானம் 5,000 மீட்டர் உயரத்துக்கு ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஏறுவதற்குக் கால் மணி நேரம் ஆகும். ஏறும்போது வேகம் மணிக்கு 350 அளவில்தான் இருக்கும், ஆக 85, 90 கிலோமீட்டர் ஏற்றத்திலேயே போய்விடும். இறங்குவதற்கு ஒரு பழைய கைக்கணக்கு உண்டு: ஆயிரம் அடி இறங்க மூன்று கடல் மைல் வேண்டும். 5,000 மீட்டர் என்றால் பதினாறாயிரம் அடிக்கு மேல், அதற்கு ஏறக்குறைய 90 கிலோமீட்டர். ஏற்றமும் இறக்கமும் 180ஐ எடுத்துக்கொண்டால் மிச்சம் 50 கிலோமீட்டர். அதைக் கடக்க ஆறே நிமிடம். விமானப் பணிப்பெண் பழச்சாறு கொடுத்து முடிப்பதற்குள் இறங்கப்போகிறோம் என்ற அறிவிப்பு வந்துவிடுவது இதனால்தான். ஏற பதினைந்து, நேராக ஆறு, இறங்கப் பதினாலு பதினைந்து, சுற்றி வளைக்க நாலைந்து. நாற்பது நிமிடம் ஆச்சு.

அந்த நாற்பதும் காற்றில் இருக்கும் நேரம் மட்டும். டிக்கெட்டில் போடும் நேரம் அதுவல்ல. சக்கரத்துக்கு முன்னால் வைத்திருக்கும் கட்டையை இங்கே எடுத்த நிமிடத்தில் இருந்து, அங்கே நின்று மறுபடி கட்டை வைக்கும் நிமிடம் வரைக்கும் உள்ள நேரம் அது. பிளாக் டைம் என்பார்கள். ஓடுபாதைக்கு உருண்டு போவதும், வரிசையில் காத்திருப்பதும், இறங்கியபின் நிற்குமிடத்துக்கு வருவதும் அதில் சேர்த்தி. பத்து நிமிடம் அதற்கு. ஆக ஐம்பது.

47 என்று சொன்ன பக்கத்தின் கதை வேறு. உலகத்தில் எந்த இரண்டு ஊரைக் கொடுத்தாலும் மணிக்கு 500 தரை மைல் வேகம், ஏற இறங்க அரை மணி நேரம் கூடுதல் என்று ஒரே அச்சில் வார்க்கும் பக்கங்கள் நிறைய. 144 தரை மைலுக்கு 17 நிமிடம், கூட முப்பது, மொத்தம் 47. இந்தத் தடத்துக்கு அது தற்செயலாகப் பொருந்திவிட்டது. ஆனால் அந்த வேகம் பெரிய ஜெட்டின் வேகம், ஏடிஆருடையதல்ல. இதையே நம்பி ரோட்ரிக்ஸ் தீவுக்குக் கணக்குப் போட்டால் ஏமாந்துபோவீர்கள். பிளேசான்ஸில் இருந்து ரோட்ரிக்ஸின் பிளேன் கோரை விமான நிலையம் 598 கிலோமீட்டர். அந்தப் பக்கம் ஒன்றேகால் மணி நேரம் என்று சொல்லும், டிக்கெட்டில் ஒன்றரை மணி நேரம் அளவில் இருக்கும். அங்கே ஓடுபாதை 1,300 மீட்டருக்கும் சற்றுக் குறைவு என்பதால் பெரிய ஜெட் இறங்க வழியில்லை, ஏடிஆர்தான் போகிறது. இன்னொன்றையும் கவனியுங்கள். ரோட்ரிக்ஸ் தூரம் ரீயூனியனைப் போல இரண்டரை மடங்குக்கும் மேல். நேரம் இரண்டு மடங்கு கூட இல்லை. ஏறுவதும் இறங்குவதும் உருளுவதும் எந்தப் பயணத்துக்கும் மாறாத செலவு. தூரம் குறையக் குறைய அந்தச் செலவின் பங்குதான் பெருகும்.

ரீயூனியன் தடத்திலும் சில சமயம் ஜெட் ஓடும். ரீயூனியனின் ஏர் ஆஸ்திரால் நிறுவனம் 2021-இல் ஏர்பஸ் ஏ220 ஜெட் வாங்கியது. ஜெட் டிக்கெட் கிடைத்தால் சீக்கிரம் போகலாம் என்று நினைக்க வேண்டாம். நூற்றுச் சொச்சம் கடல் மைலில் ஜெட்டால் தன் முழு வேகத்துக்கு வரவே இடமில்லை. ஐந்து நிமிடம் மிச்சமானால் அதிகம்.

சுற்றி வளைக்க நாலைந்து நிமிடம் என்று போகிறபோக்கில் சொன்னேன். அதற்குக் காரணம் நம் கடலின் காற்று. இந்தப் பகுதியில் ஆண்டின் பெரும்பகுதி தென்கிழக்கில் இருந்து வியாபாரக் காற்று வீசுகிறது. விமானம் ஏறுவதும் இறங்குவதும் காற்றை முகத்தில் வாங்கிக்கொண்டுதான். அதனால் பிளேசான்ஸில் கிளம்பும் விமானம், ரீயூனியன் மேற்கே இருந்தாலும், பெரும்பாலும் தென்கிழக்கே புளூ பே பக்கம் கடலை நோக்கி எழும்பி, வலப்பக்கம் திரும்பித்தான் வழிக்கு வரும். விமானம் ஓடத் தொடங்கும் ஓடுபாதை முனையில் 14 என்று எழுதியிருப்பது திசை: 140 பாகையில் கடைசிச் சுழியத்தை விட்டுவிட்டு எழுதுவது வழக்கம். அங்கே போனாலும் இதே கதைதான். நாம் கிழக்கில் இருந்து வருகிறோம், ஆனால் தென்கிழக்கைப் பார்த்து இறங்க வேண்டும். அதனால் விமான நிலையத்தைத் தாண்டி, சேன் தெனிக்கு எதிரே கடல் மேல் போய், இடப்பக்கம் வளைந்து திரும்பி வந்து இறங்கும். விமானம் ஊரைத் தாண்டிப் போகிறதே என்று அம்மா பயந்தால் இதைச் சொல்லுங்கள். நூல் பிடித்த 232 கிலோமீட்டர், உண்மையில் பறக்கும்போது இருபது முப்பது கிலோமீட்டர் கூடிவிடும்.

போகும்போது சீக்கிரம், வரும்போது தாமதம் என்று நம் ஊரில் ஒரு பேச்சு உண்டு. போகும்போது காற்று முதுகில், வரும்போது முகத்தில் என்பது அதற்குக் காரணமாகச் சொல்லப்படும். அதில் பாதி உண்மை. வியாபாரக் காற்று அதிக உயரம் வரை இருப்பதில்லை. இரண்டு மூன்று கிலோமீட்டருக்கு மேலே அது தளர்ந்துவிடும், குளிர்காலத்தில் அதற்கும் மேலே மேற்குக் காற்று வீசும். ஆக, மேலே பறக்கும்போது முதுகில் இருப்பது எது, முகத்தில் இருப்பது எது என்பது அன்றைய நாளைப் பொறுத்தது. மணிக்கு 40 கிலோமீட்டர் காற்று வழி முழுக்க உதவினாலும் எதிர்த்தாலும், இவ்வளவு குட்டித் தூரத்தில் போகவர வித்தியாசம் நாலைந்து நிமிடம்தான். அதை நினைத்து டிக்கெட் மாற்ற வேண்டியதில்லை.

நேர வித்தியாசம் பற்றியும் கேட்டிருந்தீர்கள். இல்லை. இரண்டு தீவும் ஒரே கடிகாரம், கிரீன்விச்சுக்கு நாலு மணி நேரம் முன்னால். நடுவில் ஒரு கோடைகாலம் இது மாறியிருந்தது. 2008 அக்டோபர் முதல் 2009 மார்ச் வரை மொரிஷியஸ் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவைத்துச் சோதித்துப் பார்த்தது, ரீயூனியன் தன் நேரத்தை மாற்றவில்லை. அந்த ஐந்து மாதமும் இங்கே பத்து மணிக்குக் கிளம்பிய விமானம் அங்கே ஒன்பது ஐம்பதுக்கு இறங்கியது. டிக்கெட்டில் அச்சுப் பிழை என்று எத்தனை பேர் என் மேசைக்குத் திரும்பி வந்தார்கள் தெரியுமா! ஒவ்வொருவருக்கும் உட்காரவைத்து விளக்கினேன். அடுத்த ஆண்டு அந்த ஏற்பாடு தொடரவில்லை.

விமான நிலையத்தின் பெயரைப் பார்த்து, டென்னிஸ்காரர் பெயரா என்று பலர் கேட்பார்கள். ரோலான் கரோஸ் விமானி. 1888-இல் சேன் தெனியில் பிறந்தவர். 1913 செப்டம்பர் 23-ஆம் தேதி பிரான்சின் பிரெஜுஸில் இருந்து துனிசியாவின் பிசெர்த் வரை, நடுவில் இறங்காமல் மத்தியதரைக் கடலை முதன்முதலாகப் பறந்து கடந்தவர். ஏறக்குறைய 780 கிலோமீட்டருக்கு எட்டு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக ஆனது. மணிக்கு நூறு கிலோமீட்டர். அந்த வேகத்தில் நம் தடத்துக்கு இரண்டு மணி இருபது நிமிடம் ஆகியிருக்கும். முதல் உலகப் போரின் கடைசியில், 1918-இல், வானிலேயே உயிரை விட்டார். பாரிஸ் டென்னிஸ் அரங்கத்துக்குப் பிறகுதான் அவர் பெயர் வைத்தார்கள். நம் இரண்டு தீவுகளுக்கும் நடுவே முதன்முதலில் பறந்தது 1933-இல், இலி, சுர்தெல் என்ற இரண்டு பிரெஞ்சு விமானிகள். தீவின் வடக்கே மோன் ஷுவாசியில், இன்று பிள்ளைகள் பந்து விளையாடும் புல்வெளிதான் அன்றைய ஓடுபாதை. அங்கே ஒரு நினைவுச்சின்னம் இருக்கிறது. அப்பாவைக் கடற்கரைக்கு அழைத்துப் போகும்போது காட்டுங்கள்.

கப்பலில் போகலாமா என்று கேட்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. போர்ட் லூயிஸில் சாயங்காலம் ஏறி, ஓர் இரவு கடலில் கழித்து, காலையில் ரீயூனியனின் துறைமுகத்தில் இறங்கும் பயணிகள் கப்பல் ஒரு காலத்தில் இருந்தது. மொரிஷியஸ் பிரைட் என்று பெயர். கல்யாணத்துக்குப் போகிறவர்கள் பாத்திரம், புடவை, மூட்டை முடிச்சு எல்லாவற்றோடும் ஏறுவார்கள். அந்தக் கப்பல் நின்றுபோய் வெகுநாள் ஆகிறது.

இப்போது வீட்டு வாசலில் இருந்து கோயில் வாசல் வரை. எபேனில் இருந்து பிளேசான்ஸ் முப்பத்தைந்து கிலோமீட்டர், நெரிசல் இல்லாத நேரத்தில் முக்கால் மணி. விமானம் சின்னது, தூரம் குறைவு, ஆனாலும் இது வெளிநாட்டுப் பயணம். இரண்டு மணி நேரம் முன்னால் அங்கே இருக்க வேண்டும். பிறகு ஐம்பது நிமிடம் விமானம். அங்கே கடவுச்சீட்டு வரிசை, பெட்டி, சுங்கம் என்று நாற்பது நிமிடம். ரோலான் கரோஸில் இருந்து சேந்த் ஆந்த்ரே இருபது கிலோமீட்டருக்குள், கார் கிடைத்தால் அரை மணி. மொத்தம் ஐந்து மணி நேரத்தை ஒட்டி வந்துவிட்டது. காலை எட்டு மணி விமானம் என்றால் ஐந்து மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பிப் பத்து மணிக்குக் கோயிலில் இருப்பீர்கள். மாலை ஆறரைக்குத் திரும்பும் விமானம் என்றால் நாலு மணிக்கு ஊரை விட்டுக் கிளம்பியாக வேண்டும். கையில் இருப்பது ஆறு மணி நேரம். காவடி புறப்படும் நேரம் கோயிலுக்குக் கோயில் மாறும். மொரிஷியஸில் தைப்பூசம் அரசு விடுமுறை, ரீயூனியனில் அப்படி இல்லை, அதனால் அங்கே வேலைநாள் போக்குவரத்து நெரிசலும் இருக்கும். வயதானவர்கள் ஜனவரி வெயிலில் அவசரப்பட்டு ஓட வேண்டாம் என்பதற்காகத்தான் முதல் நாளே போகச் சொன்னேன்.

இதை நான் அழுத்திச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. என் பெரியம்மா மகள் ரீயூனியனின் தெற்கே சேன் பியேரில் வாழ்க்கைப்பட்டவர். அக்கா இறந்த செய்தி 2006-இல் ஒரு நாள் இரவு வந்தது. மறுநாள் மதியம் இரண்டு மணிக்கு அடக்கம். நானே டிக்கெட் போடுகிறவன். பத்து மணி விமானம், ஐம்பது நிமிடம், பதினொன்றுக்கு இறங்கிவிடலாம், மூன்று மணி நேரம் கையில் இருக்கிறது என்று வீட்டாருக்குத் தைரியம் சொன்னேன். விமானம் ஒரு மணி நேரம் தாமதம். இறங்கினால் சேன் பியேர் தீவின் மறுகோடி, தொண்ணூறு கிலோமீட்டருக்கு மேல். மலையடிவாரத்தில் கடலை ஒட்டிப் போகும் சாலையில் கல் விழுந்து ஒரு பக்கத்தை அடைத்திருந்தார்கள். அதைத் தாண்டினால் மேற்குக் கரையின் ஒவ்வொரு ஊருக்குள்ளும் நுழைந்து போக வேண்டும். நாங்கள் சேர்ந்தபோது மணி மூன்றரை. அக்காவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. என் அம்மா அன்று ஒன்றுமே பேசவில்லை. அதற்குப் பிறகு என் மேசைக்கு வந்த ஒவ்வொருவரிடமும், எந்த ஊருக்கு, எந்த நேரத்துக்குள் போய்ச்சேர வேண்டும் என்று கேட்காமல் நான் டிக்கெட் போட்டதில்லை.

இப்போது வழி எவ்வளவோ பரவாயில்லை. மேற்குக் கரையில் தமாரின் நெடுஞ்சாலை 2009-இல் திறந்தது. கல் விழும் மலையடிவாரத்தை விட்டு விலகிக் கடலுக்குள்ளேயே தூண் நட்டுக் கட்டிய ஐந்து கிலோமீட்டருக்கு மேற்பட்ட பாலம் 2022-இல் போக்குவரத்துக்கு வந்தது. சேன் பியேர் பக்கத்தில் பியேர்போன் என்று இரண்டாவது விமான நிலையமும் உண்டு, பிளேசான்ஸில் இருந்து 255 கிலோமீட்டர். அங்கிருந்து மொரிஷியஸுக்கு விமானம் ஓடிய காலம் உண்டு. தெற்கே சொந்தக்காரர் உள்ளவர்கள் அந்த வாய்ப்பு இருக்கிறதா என்று டிக்கெட் எடுக்கும்போது ஒரு தடவை கேட்டுவிடுவது நல்லது. உங்களுக்கு அது தேவையில்லை, சேந்த் ஆந்த்ரே கிழக்கே இருக்கிறது.

அப்புறம், தைப்பூசம் வருவது புயல் பருவத்தின் நடுவில். நவம்பர் முதல் ஏப்ரல் வரை எப்போது வேண்டுமானாலும் இரண்டு நாள் விமானம் நிற்கலாம். 2024 ஜனவரி 15-ஆம் தேதி பெலால் புயல் ரீயூனியனை அடித்தது, அன்றே போர்ட் லூயிஸ் வீதிகளில் வெள்ளம் கார்களை இழுத்துக்கொண்டு போனது. தைப்பூசம் அந்த வருடம் ஜனவரி 25. புயல் பத்து நாள் தள்ளி வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அதனால் பெற்றோர் இந்தியா திரும்பும் விமானத்தைத் தைப்பூசத்துக்கு மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ வைத்துவிடாதீர்கள். நாலைந்து நாளாவது இடைவெளி விடுங்கள். எச்சரிக்கை முறையும் இரண்டு தீவில் இரண்டு விதம். இங்கே ஒன்றாம் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என்று எண்ணால் ஏறும். அங்கே ஆரஞ்சு, சிவப்பு என்று நிறத்தால் ஏறும். சிவப்பு என்றால் யாரும் வெளியே நடமாடக் கூடாது.

விசா விஷயத்தில் கவனமாக இருங்கள். ரீயூனியன் பிரான்சின் ஒரு பகுதி, யூரோதான் செல்லும். ஆனால் ஷெங்கன் எல்லைக்குள் அது இல்லை. கையில் ஷெங்கன் விசா இருக்கிறது என்ற நம்பிக்கையில் மட்டும் கிளம்பி, விமான நிலையத்தில் நிறுத்தப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். உங்கள் மூன்று பேருடைய கடவுச்சீட்டும் இந்தியக் கடவுச்சீட்டு என்பதால், போர்ட் லூயிஸில் உள்ள பிரெஞ்சுத் தூதரகத்தில் ரீயூனியன் என்று பெயர் சொல்லியே கேளுங்கள். டிக்கெட் எடுப்பதற்கு முன்னால் கேளுங்கள்.

காவடிக்கென்றே ஒரு விஷயம். அப்பா வேண்டுதல் எடுத்து அலகு குத்திக்கொள்வதாக இருந்தால், வேலும் அலகு ஊசிகளும் கைப்பையில் இருக்கக் கூடாது. ஏற்றிவிடும் பெட்டிக்குள், துணியில் சுற்றி வையுங்கள். எலுமிச்சை, வெற்றிலை, பூ, பால் எதையும் இங்கிருந்து கொண்டுபோக வேண்டாம். ஐரோப்பியச் சுங்க விதி அங்கேயும் உண்டு, செடிகொடிகளில் இருந்து நோய் பரவும் என்று பறித்துவிடுவார்கள். சேந்த் ஆந்த்ரேயிலும் நம் ஆட்கள்தான் கடை வைத்திருக்கிறார்கள். எலுமிச்சையும் வெற்றிலையும் அங்கேயே கிடைக்கும்.

கடைசியாக, இருக்கை. போகும்போது வலப்பக்கச் சன்னல் கிடைத்தவருக்கு, கிளம்பிய சில நிமிடத்தில் நம் தென்கரையும் லெ மோர்னும் தெரியும். ரீயூனியன் தெரிவது இடப்பக்கம். அம்மாவை இடப்பக்கச் சன்னலில் உட்காரவையுங்கள், காலை விமானமாகவே எடுங்கள், மதியத்துக்குள் அந்த மலைகளை மேகம் மூடிவிடும். இறங்கத் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில், கடலை ஒட்டிக் கரும்புக் காடும் அதற்குப் பின்னால் மலையும் தெரியும். சேந்த் ஆந்த்ரே அதற்குள்தான் இருக்கிறது. அங்கிருந்து விமானம் தாண்டிப்போய்த் திரும்பி வந்து தரை தொட இன்னும் பத்து நிமிடத்துக்குள்தான்.